‘ஃபோ பா’: பிழை செய்தாளா, பிழை விட்டாளா?

கேள்வி வந்தாறுமூலையிலிருந்து வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி ஒருவர், மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். “கதையில் வரும் பெண் வருங்கால மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறாள். மாமியார் கரண்டியைத் தொடும் முன்பே இவள் சாப்பிடத் தொடங்கிவிடுகிறாள். அதை ‘ஃபோ பா’ என்று எழுதியிருக்கிறார்கள். அகராதியைப் பார்த்து ‘அவள் ஒரு குற்றம் இழைத்தாள்’ என்று எழுதினேன். விரிவுரையாளர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது, சரியான பொருள் என்ன, தமிழில் என்ன எழுதலாம்?” என்று கேட்டிருக்கிறார்.

மகள், கோடு போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். அகராதியும் உங்களை ஏமாற்றவில்லை. ஒரு சொல்லுக்கு அகராதி நாலு பொருள் கொடுக்கும், அதில் எது எந்த இடத்துக்கு என்று சொல்லாது. நான் இந்தக் கரையோரத்துப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவன். சுனாமிக்குப் பிறகு இரண்டு வருடம் உரைபெயர்ப்பாளராகவும் ஓடித் திரிந்தேன். இந்தச் சொல்லோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலத்தில் faux pas என்று எழுதுவார்கள். எழுத்தைப் பார்த்து ‘ஃபாக்ஸ் பாஸ்’ என்று வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். அது பிரெஞ்சுச் சொல், கடைசி எழுத்துகள் ஒலிக்காது. ‘ஃபோ பா’ என்றுதான் சொல்ல வேண்டும். பன்மையிலும் எழுத்து மாறாது. ஆங்கிலேயர் பன்மைக்கு மட்டும் கடைசியில் ‘ஸ்’ஸை மெல்ல ஒலித்து ‘ஃபோ பாஸ்’ என்பார்கள், பிரெஞ்சுக்காரர் அதையும் செய்யமாட்டார்கள். செயற்கைத் தோலுக்கு ‘ஃபோ லெதர்’ என்று கடைகளில் சொல்கிறார்களே, அதில் வருவதும் இதே ‘ஃபோ’தான். பொய்யான, பிழையான என்று பொருள். ‘பா’ என்றால் காலடி. இரண்டையும் சேர்த்தால் பிழையாக வைத்த அடி. நடக்கும்போது கால் சறுக்குகிறதே, அதுதான்.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. வந்த புதிதில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெண்ணொருத்தி ஒழுக்கம் தவறினாள் என்பதை வெளிப்படையாகச் சொல்லக் கூசி, ‘ஃபோ பா’ என்று மூடிச் சொல்வார்கள். நாமும் ‘கால் தவறினவள்’ என்போமே, அதே மாதிரி. இன்று அந்தப் பொருள் ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது, நாலு பேர் இருக்கும் இடத்தில், அந்த இடத்தின் எழுதாத வழக்கம் ஒன்றை, தெரியாமலோ மறந்தோ மீறிவிடுவது. நாலு பேர், எழுதாத வழக்கம், தெரியாமை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது ‘ஃபோ பா’ ஆகாது. நீங்கள் எழுதிய ‘குற்றம்’ மூன்றாவதில்தான் அடிபட்டுப் போகிறது. குற்றத்தில் மனம் சேர்ந்திருக்கும். ‘இழைத்தாள்’ என்று வேறு போட்டுவிட்டீர்கள். அந்தப் பிள்ளை திட்டம் போட்டுச் செய்தது போல ஆகிவிட்டது.

இதை எனக்கு விளங்கவைத்தது ஒரு செத்த வீடு. 2005ஆம் ஆண்டு, களுவாஞ்சிகுடிக்கு அங்கால ஒரு கிராமம். உதவி வேலைக்கு வந்திருந்த பிரெஞ்சுப் பெண் ஒருவருக்கு நான் உரைபெயர்ப்பாளன். தமிழ் படிக்க ஆசைப்பட்ட மனுசி. ஒரு வீட்டை விட்டுப் புறப்படும்போது ‘போறன்’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான்தான் படிப்பித்தேன். அவர் அதை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கி, போகிற வீடெல்லாம் சொல்லிச் சனங்களின் மனதைப் பிடித்திருந்தார். அன்றைக்கு நாங்கள் போயிருந்தது வயதான மனிதர் ஒருவர் இறந்த வீடு. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பினோம். அவர் இறந்தவரின் மனைவியிடம் போய், குனிந்து, இரண்டு கையையும் பிடித்து, ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாக உச்சரித்து, “போயிட்டு வாறன்” என்றார்.

செத்த வீட்டில் அதைச் சொல்லமாட்டோம். திரும்பவும் இப்படி வருவதற்கு இன்னொரு சாவு வேண்டுமே! சொல்லாமல்தான் எழும்பிப் போவோம். பாயில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. அந்த அம்மா மட்டும் பிடித்த கையை விடவில்லை. “இஞ்ச சொல்லாமப் போகணும் புள்ள” என்று மெதுவாகச் சொல்லி, அவருடைய புறங்கையைத் தடவி விட்டார்.

வாகனத்தில் ஏறியதும் அவர் என்ன நடந்தது என்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். ஆங்கிலத்தில் இதற்கு உங்கள் மொழிச் சொல்லே இருக்கிறது, ‘ஃபோ பா’ என்றேன். அவர் தலையாட்டினார். தங்கள் ஊரில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் உண்மையாகவே கால் தடக்கினால்தான் சொல்வார்களாம், இப்படிச் சபையில் நடப்பதற்கு ‘காஃப்’ என்பார்களாம். பிறகு தேடிப் பார்த்தேன். ‘காஃப்’ என்பது தோணியைக் கரையோடு இழுத்துப் பிடிக்கும், நுனியில் கொக்கி பூட்டிய கழியின் பெயரும்கூட. அந்தச் சொல்லையும் ஆங்கிலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது. இன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளில் அரசியல்வாதி வாய் தவறி உளறினால் பெரும்பாலும் ‘காஃப்’ என்றுதான் போடுகிறார்கள். விருந்து, உடுப்பு, மரியாதை என்று வரும்போது ‘ஃபோ பா’ கூடுதலாக வருகிறது.

பெரிய மனிதர்களுக்கும் இது நடக்கிறது. 1992 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த ஜோர்ஜ் புஷ் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் காரில் போகும்போது, தெருவோரம் நின்றவர்களுக்கு இரண்டு விரலை விரித்து வெற்றிக் குறி காட்டினார். உள்ளங்கை தன் பக்கம், புறங்கை சனங்கள் பக்கம். அமெரிக்காவில் அப்படிக் காட்டினாலும் வெற்றிதான். அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் புறங்கை வெளியே தெரியக் காட்டினால் கெட்ட ஏச்சு. கை ஒன்றுதான், ஊர் மாறியதும் பொருள் மாறிவிட்டது. ‘ஃபோ பா’வுக்கு இதைவிடத் துப்புரவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் எழுதிய சட்டத்தில் கை வைத்தால் அது ‘ஃபோ பா’ அல்ல. 2012இல் நம் நாட்டில் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் மூன்று பேருக்கு, காலியில் நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்தது. தெரியாமல் செய்தோம் என்று அவர்கள் சொல்லலாம். சட்டம் அதைக் குற்றம் என்றுதான் எழுதும். அங்கே உங்கள் ‘குற்றம்’ பொருந்தும்.

இன்னோர் எல்லையும் இருக்கிறது. அதை நான் நோவுபட்டுத்தான் படித்தேன். சுனாமி வந்து மூன்று கிழமை இருக்கும். கல்லடிப் பக்கத்தில் ஒரு முகாம். கையில் படிவம், அதில் பெட்டி பெட்டியாகக் கேள்விகள். ஒரு தாயிடம், படிவத்தில் இருந்தபடியே, “எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டேன். அவர் மூன்று விரலை நீட்டினார். நீட்டிய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றை மடக்கினார். பிறகு இன்னொன்றை மடக்கினார். “இப்ப ஒண்டு” என்றார். நான் அந்தப் பெட்டியில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த குடும்பத்திலிருந்து “இப்ப உங்களோட ஆரார் இரிக்கிறாங்க?” என்று கேட்கத் தொடங்கினேன்.

நான் செய்ததும் தெரியாமல் நடந்ததுதான், நாலு பேர் முன்னால்தான், எழுதாத முறை ஒன்றை மீறித்தான். கணக்குக்கு எல்லாம் பொருந்துகிறது. இருந்தும் அதை ‘ஃபோ பா’ என்று சொல்ல என் வாய் வராது. ஏனென்றால் அந்தச் சொல் இலேசானது. காலம் போனால் சிரித்துக்கொண்டு சொல்லிக்காட்டக் கூடிய சங்கதிகளுக்குத்தான் அது. ஆறாத புண்ணில் கை பட்டதை அப்படிச் சொன்னால், சொல்வதே இரண்டாவது பிழையாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தக் கனத்தை எப்போதும் கையில் தூக்கிப் பாருங்கள்.

இலேசானது எப்படி இருக்கும் என்றால், கல்முனையில் ஓர் அலுவலகத்தில் நான் கண்டது போல இருக்கும். நோன்பு காலம். புதிதாக வந்த தமிழ்ப் பொடியன் ஒருவன், பெரிய மரியாதையாக, தட்டத்தில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனான். நோன்பு பிடித்திருந்த ஒரு சகோதரியின் முன்னும் கோப்பையை வைத்து, “சூடா இரிக்கு, உடனே குடிங்க” என்றான். பக்கத்து மேசைகளில் எழுத்து நின்றது. அவர் சிரித்தபடி, “துறக்கிற நேரத்துக்குச் சூடாக்கித் தாங்க தம்பி, அப்ப குடிக்கிறன்” என்றார். அவனுக்குக் காது மடல் வரை வேர்த்தது. அவ்வளவுதான், விசயம் முடிந்தது. இதைக் கேட்டால் தயங்காமல் ‘ஃபோ பா’ என்பேன்.

சரி, தமிழுக்கு வருவோம். நம் மொழியில் இதற்குச் சொல் இல்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுக்காது. இருக்கிறது. அதுவும் பிரெஞ்சுக்காரர் கண்ட அதே படத்தோடு, சறுக்குகிற காலோடு இருக்கிறது. ‘இழுக்கு’ என்பதை இன்று நாம் அவமானம் என்று மட்டும் எடுக்கிறோம். அடிப்பொருள் வழுக்குதல். வள்ளுவர் “இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்” என்கிறார். இழுக்கல் உடைய இடம் என்றால் சேறு, வழுக்கு நிலம். அங்கே ஊன்றுகோல் எப்படி உதவுமோ அப்படி உதவும் நல்லவர் வாய்ச்சொல் என்கிறார். அதே வள்ளுவர் நாக்கைக் காக்காதவர் “சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு” என்கிறபோது, கால் வழுக்கிய இடத்தில் சொல் வழுக்குகிறது. ஒழுக்கமுடையவர்கள் தீய சொல்லை “வழுக்கியும்” சொல்லமாட்டார்கள் என்று இன்னோர் இடத்தில் வருகிறது. வழுக்கு, வழு, இழுக்கு, சறுக்கு, தடக்கு, பிசகு என்று இத்தனை சொற்களை வைத்திருக்கிறோம். காலுக்கும் பிசகு உண்டு, கணக்குக்கும் பிசகு உண்டு, பேச்சுக்கும் பிசகு உண்டு.

இதில் ‘வழு’ என்ற சொல்லை நம் இலக்கணகாரர் எடுத்து வைத்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுவை நன்னூல் சொல்கிறது. வினாவிலும் வழு உண்டு என்பதைப் பாருங்கள். ஒற்றை விரலைக் காட்டி ‘இது சிறியதோ பெரியதோ?’ என்று கேட்பது வினா வழு. கேட்கக்கூடாத விதத்தில் கேட்டாலே வழுதான். கிரேக்கரும் இதே வழியில் வந்திருக்கிறார்கள். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த சோலி என்ற ஊர்ச் சனங்கள் கிரேக்க மொழியைப் பிசகாகப் பேசினார்கள் என்று, அந்த ஊர்ப் பெயரிலிருந்தே ‘சொலிசிசம்’ என்ற சொல் பிறந்தது. முதலில் இலக்கணப் பிழைக்குச் சொன்னார்கள், பிறகு நடத்தைப் பிழைக்கும் சொன்னார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அதற்கு இரண்டு பொருளும் உண்டு. நாம் ஒரு படி மேலே போய் ‘வழுவமைதி’ என்றும் ஒன்று வைத்தோம். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை பிசகுகிறது, ஆனால் பாசத்தில் சொன்னதால் ஏற்றுக்கொள்கிறோம். மகளைத் தாய் ‘வாடா ராசா’ என்று கூப்பிட்டால் யாரும் திருத்தப்போவதில்லை. அந்தச் செத்த வீட்டு அம்மா கையைத் தடவிக் கொடுத்தாரே, அவர் செய்தது வழுவமைதி.

அப்படியென்றால் கதையில் ‘வழு’ என்றே எழுதிவிடலாமா? வேண்டாம். இன்றைய வாசகருக்கு அது பாடப்புத்தக வாசம் அடிக்கும். ‘இழுக்கு’ இப்போது பாரம் கூடிவிட்டது, குடும்பத்துக்கே மானம் போனது போலக் கேட்கும். ‘இடறல்’ நல்ல சொல், ஆனால் வேதாகமம் வாசித்துப் பழகிய நம் கிறிஸ்தவ சனங்களுக்கு அதில் பாவத்தின் நிழல் விழும். ‘அநாகரிகம்’ கூடவே கூடாது. ‘ஃபோ பா’ பழிப்பது அந்த ஓர் அடியை. ‘அநாகரிகம்’ ஆளையே பழிக்கும்.

‘முறை’ சேர்ந்த சொற்களில் கவனம் வேண்டும், அதுவும் மட்டக்களப்பில், அம்பாறையில் மிகுந்த கவனம் வேண்டும். ‘முறைகேடு’ என்றால் இன்று பத்திரிகை வாசிக்கிறவருக்குக் காசு களவு போனதுதான் நினைவுக்கு வரும். ‘முறை தவறி’ என்றால் நம் ஊரில் விளக்கமே வேறு. புது ஆளைக் கண்டால் “என்ன முறை?” என்று கேட்டு, தாய்வழிக் குடியைப் பார்த்து, மச்சான் முறையா அண்ணன் முறையா என்று தெரிந்துகொண்டுதான் மற்றக் கதை. முறை தவறிய கலியாணம் என்றால் சேரக்கூடாத உறவில் சேர்ந்தது. உங்கள் கதைப் பெண் மாமியாருக்கு முன் சோறு தின்றதை ‘முறை தவறினாள்’ என்று எழுதிப் பாருங்கள், இங்குள்ள வாசகர் திடுக்கிட்டுப் போவார். ஆங்கிலச் சொல்லின் அந்தப் பழைய, மறைவான பொருளுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

ஆனால் முறை பார்க்கிற ஊரில்தான் இந்தச் சங்கதி நன்றாக விளங்கும். கலியாணத்துக்கு அழைக்கப் போகும்போது வட்டாவில் வெற்றிலை வைத்துக் கொடுக்க வேண்டிய வீடு எது, அட்டை மட்டும் கொடுத்தால் போதும் என்ற வீடு எது, எதற்கு முதல் போக வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். தாய்மாமன் வீட்டுக்குப் போக முன் பக்கத்து வீட்டுக்குப் போனால் போதும், பத்து வருடத்துக்குக் கதை இருக்கும். பழைய கோயில்களில் குடிகளின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டு மரியாதை கொடுக்கும்போது ஒரு பெயர் முன்பின்னாகிவிட்டால், ஒலிபெருக்கியைப் பிடித்திருப்பவரின் குரல் அடுத்த பெயரிலேயே நடுங்கத் தொடங்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நாக்கு ஓர் இடத்தில் வழுக்குகிறது, அவ்வளவுதான்.

அப்படி நடந்தால் நம் சனங்கள் என்ன சொல்வார்கள்? “பிழை விட்டுட்டார்” என்பார்கள். மகள், உங்களுக்கு வேண்டிய சொல் இந்த ‘விட்டுட்டார்’ என்பதற்குள்தான் இருக்கிறது. ‘பிழை செய்தார்’ என்றால் ஆளில் பழி. ‘பிழை விட்டார்’ என்றால் கையிலிருந்து கோப்பை நழுவியது மாதிரி, பிடித்திருந்தது தவறிவிட்டது. எழுத்துப்பிழையும் அப்படித்தான், பரீட்சைத் தாளில் ‘இரண்டு பிழை விட்டிருக்கிறாய்’ என்றுதானே சொல்வேன், ‘செய்திருக்கிறாய்’ என்று சொன்னதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ‘விடு’ கொஞ்சம் புதிதாகக் கேட்கலாம், ஆனால் விளங்காமல் போகாது. அவர்களுக்கும் நமக்கும் இடையிலேயே சொல் சறுக்குவது உண்டு. “அவர் எனக்குப் பேசினார்” என்றால் இங்கே ஏசினார் என்று பொருள், சாதாரணமாகப் பேசுவதற்கு ‘கதைத்தார்’ என்போம். சென்னையிலிருந்து வந்த ஒருவர் என் மாணவியிடம் “உங்க அம்மாவுக்கு நான் பேசட்டுமா?” என்று தொலைபேசியைக் காட்டிக் கேட்டு, அந்தப் பிள்ளை பயந்துபோனதைக் கண்டிருக்கிறேன்.

பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்றால், கட்டுரைகளில் ‘மரியாதைப் பிழை’ என்று எழுதுங்கள். ‘மரியாதைக் குறைவு’ என்று எழுதாதீர்கள், அதில் அலட்சியம் இருக்கிறது. வாயால் நடந்தது என்றால் ‘வாய் தவறி’ போதும். உடுப்பு விசயத்துக்கு ஆங்கிலச் சஞ்சிகைகள் இந்தச் சொல்லை அள்ளித் தெளிக்கும், அங்கே பெயர்ச்சொல்லைத் தேடி மினக்கெடாமல் ‘இடத்துக்குப் பொருந்தாத உடுப்பு’ என்று விரித்துவிடலாம். ஆங்கிலத்திலேயே எழுதுவதானால், ‘ஃபோ பா’வோடு ‘கமிட்’ அல்லது ‘மேக்’ என்ற வினை வரும். ‘டூ’ சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் வசனம். அந்த இடத்தில் ஆங்கில ஆசிரியர் பெயர்ச்சொல் போட்டிருந்தாலும் நீங்கள் வினையில் போங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: “மேசையில் வேறு யாரும் கரண்டியைத் தொடவில்லை என்பதை அவள் அப்போதுதான் கண்டாள். வந்த முதல் நாளே பிழை விட்டுவிட்டோமே என்று கூசிப்போய், வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்கினாள்.”